தூய்மை விழிப்புணர்வு நாள்: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

தூய்மை விழிப்புணர்வு நாள் என்பது, ஓர் ஊரில் வாழும் ஜனங்கள், உள்ளாட்சி மன்றமும் கல்விச்சாலைகளும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் துணைநிற்க, குறித்த ஒரு தினத்தில் ஒன்றுகூடிப் பொது இடங்களைச் சுத்தம் செய்வதோடு, குப்பை எங்கே பிறக்கிறது, எங்கே போய்ச் சேருகிறது, அதைக் குறைப்பதற்கும் பிரிப்பதற்கும் தாம் செய்யவேண்டுவது யாது என்பவற்றையும் அறிந்துகொள்ளும் பொதுக் காரியமாகும். அன்று அள்ளிய குப்பையின் எடையைக் கொண்டன்று, மறுநாள் முதல் வீடுகளில் நிலைபெறும் பழக்கத்தைக் கொண்டே அதன் பயனை மதிப்பிடல் வேண்டும்.

தோற்றம்: பாரத தேசத்தில் இக்கருத்துக்கு வித்திட்டவர்களுள் தலையாயவர் காந்தியடிகள். 1901ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபையில், கழிப்பிடங்களின் அசுத்தத்தைக் கண்டு மனம் வருந்திய அவர், பிறரை ஏவாமல் தாமே துடைப்பத்தைக் கையிலெடுத்தார். அவரது பிறப்பின் நூற்றாண்டாகிய 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரி மாணவர்களை இத்தகைய சேவையில் ஈடுபடுத்தியது; தூய்மை இந்தியா இயக்கமும் 2014ஆம் ஆண்டு அவர் பிறந்த தினமாகிய அக்டோபர் 2ஆம் நாளன்றே ஆரம்பமாயிற்று. உலகளவில், எஸ்தோனியா என்னும் சிறு நாட்டில் 2008இல் சுமார் 50,000 பேர் ஒரே நாளில் தேசம் முழுவதையும் சுத்தம் செய்த முயற்சி, பின்னர் உலகத் தூய்மை தினமாக விரிவடைந்தது. தமிழ்நாட்டில், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டது. அவற்றுக்கு மாற்றாகத் துணிப்பையை மீண்டும் கைக்குக் கொணரும் பொருட்டு, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பெற்றது.

வட்டாரத்தின் இயல்பு: தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. ஏரிகளை நம்பி வாழ்ந்த கிராமங்கள் ஒரு தலைமுறைக்குள் நெருங்கிய குடியிருப்புகளாக மாறியமையால், நீர் தேங்கிய இடங்களிலும் அவற்றின் கரைகளிலும் குப்பை குவியத் தலைப்பட்டது. கன்னடபாளையத்துக் குப்பைக் கிடங்கு இதற்குக் கண்கூடான சான்றாக இருந்தது. செம்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்ந்து, 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேருகிறது; மேற்கே முடிச்சூர், அனகாபுத்தூர் வழியாக அடையாறு ஓடுகிறது. ஆதலின், ஒரு தெருவின் கால்வாயில் எறிந்த பிளாஸ்டிக் பை அத்தெருவோடு நின்றுவிடுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, நீர்வழிகளைத் தடையின்றிக் காப்பதன் அவசியத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முன்னோடி முயற்சிகள்: 1989இல் எம். பி. நிர்மல் சென்னையில் நிறுவிய எக்ஸ்னோரா இயக்கம், தெருவாசிகளே சிறு தொகை சேர்த்து ஒருவரை அமர்த்தி வீட்டு வாசலிலேயே குப்பையைப் பெறும் ஏற்பாட்டைப் பரப்பியது. அவ்வழியில் பம்மலில் இல்லத்தரசிகள் முன்னின்று, மக்கும் குப்பையைத் தனியே பெற்று மண்புழு உரமாக்கும் பணியைத் தம் குடியிருப்பில் தொடங்கிப் பிற தெருக்களுக்கும் விரிவுபடுத்தினர். சிட்லப்பாக்கத்தில், கரையோரம் குப்பை மலிந்து கிடந்த ஏரியை மீட்கக் குடியிருப்போர் பல்லாண்டுகள் குரல் கொடுத்ததோடு, குடிநீர்ப் பஞ்சம் வாட்டிய 2019ஆம் ஆண்டில் தாமே ஏரியில் இறங்கித் தூய்மைப்படுத்தினர். ஒரு நாள் உற்சாகத்தை நெடுநாள் உழைப்பாக மாற்றியதே இவ்விரு ஊர்களின் சிறப்பு.

நடத்தும் முறை: முதலாவதாக, இடத்தைத் தேர்ந்தெடுத்து, வார்டு உறுப்பினரோடும் சுகாதார ஆய்வாளரோடும் கலந்து, சேரும் குப்பையை அன்றே கொண்டுசெல்ல வாகன வசதியை உறுதிசெய்தல் வேண்டும்; குவித்த குப்பை மாலைவரை கரையிலேயே கிடக்குமாயின் காற்று அதை மீண்டும் நீரில் சேர்த்துவிடும். கையுறை, சாக்குப்பை, குடிநீர், முதலுதவி ஆகியவற்றைச் சித்தமாக்கி, கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கும் பகுதிகளிலிருந்து சிறுவர்களை விலக்கி, வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பது நன்று. சேகரிக்கும்போதே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரித்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீடுகளுக்கு விதித்திருந்த பிரிவும் இதுவே. பிறகு உரத்தொட்டி அமைக்கும் விதத்தைச் செய்துகாட்டுவதும், பழைய பேப்பர் கடைக்குச் செல்லத்தக்க பொருள்கள் யாவை என விளக்குவதும் சொற்பொழிவுகளைவிட மிகுந்த பயன் தரும். தூய்மைப் பணியாளர்களுக்கு அன்று கூடுதல் சுமை ஏற்றாது, நாள்தோறும் தெருவின் நிலையைக் கண்டறிந்த அவர்களையே ஆசிரியர்களாக அமர்த்திக் கேட்பது முறை.

காலம்: காந்தி ஜயந்தியும், ஜூன் 5ஆம் நாளாகிய உலகச் சுற்றுச்சூழல் தினமும் வழக்கமாகத் தெரிந்தெடுக்கப்படுபவை. ஐப்பசி மழைக்கு முன் கால்வாய்களையும், போகிக்கு முன் பழம்பொருள்களையும் கருதி நடத்தும் நாள்கள் இவ்வட்டாரத்துக்கு இன்னும் பொருந்துவன. போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிவதால் எழும் புகை, பனியோடு கலந்து மீனம்பாக்கம் விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தையே தடைசெய்ததுண்டு. அப்பொருள்களை முன்கூட்டியே தனியே பெற்றுக்கொள்வது சிறந்த பரிகாரம்.

மதிப்பீடு: வீட்டில் பிரித்த குப்பை வண்டியில் ஒன்றாகக் கலக்கப்படின் ஜனங்களின் நம்பிக்கை சிதையும்; வண்டி செம்மையாக வந்தும் வீட்டார் பிரிக்காவிடில் நிர்வாகத்தின் முயற்சி வீணாகும். இவ்விரு கடமைகளையும் ஒரே நேரத்தில் இரு தரப்பாருக்கும் உணர்த்துவதற்குரிய சாதனம் என்பதே இந்நாளின் உண்மைப் பெருமை. ஆகவே, கலைந்து செல்லுமுன் தெருதோறும் பொறுப்பாளரை நியமித்து, ஒரு மாதம் கழித்து அதே இடத்தைப் பார்வையிடத் தேதி குறித்துவிடும் ஊரே, விழிப்புணர்வு நாளை முறையாகக் கொண்டாடிய ஊராகும்.