பாருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது? போல் வால்ட்டின் கடைசி அரை நொடி

போல் வால்ட் வரலாறு என்றாலே கோலின் வரலாறுதான் சொல்லப்படும். மரக் கோல் போய் மூங்கில் வந்தது, மூங்கில் போய் உலோகம் வந்தது, அப்புறம் ஃபைபர்கிளாஸ். உயரம் கூடிக்கொண்டே போனது. இதில் தப்பில்லை. ஆனால் பழைய படங்களையும் புதிய ஸ்லோமோஷன் வீடியோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் கண் கோலில் நிற்கவில்லை. குறுக்குக் கம்பிக்கு, அதாவது பாருக்கு, மேலே உடம்பு இருக்கும் அந்த அரை நொடியில்தான் நின்றது. 1880-களில் ஒரு மாதிரி, 1940-களில் இன்னொரு மாதிரி, 1980-களில் முற்றிலும் வேறு மாதிரி.

ஏன் மாறியது? கோல் மட்டும் காரணமில்லை. ரூல் புத்தகம் எதை அனுமதித்தது, பாருக்கு அந்தப் பக்கம் விழுவதற்கு என்ன இருந்தது, இந்த இரண்டும்தான் பாரைத் தாண்டும் விதத்தைப் பெரும்பாலும் தீர்மானித்திருக்கின்றன. அதிலும் இரண்டாவதற்குப் பங்கு அதிகம்.

ஏறி உட்கார்ந்து தாண்டியவர்கள்

இங்கிலாந்தின் வடமேற்கில் அல்வர்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போல் வால்ட்டின் தலைநகரம் என்றே அதைச் சொல்லலாம். அங்கே பயன்படுத்தியது கனமான மரக் கோல். நுனியில் தரையில் குத்தி நிற்க இரும்பு முட்கள். ஓடிவந்து கோலை ஊன்றுவார்கள். அது செங்குத்தாக நிமிரும்போது, தென்னை மரம் ஏறுகிற மாதிரி, ஒரு கைக்கு மேல் இன்னொரு கை வைத்துக் கோலிலேயே ஏறுவார்கள். ஏறி, கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில் பாருக்கு மேலே போய் அந்தப் பக்கம் குதிப்பார்கள்.

இந்த ஊர்க்காரரான டாம் ரே 1887-ல் அமெரிக்காவுக்கே போய் அந்த நாட்டுச் சாம்பியன்ஷிப்பை வென்றார். அமெரிக்கர்களுக்கு இது பிடிக்கவில்லை. 'இது தாண்டுவதா, ஏறுவதா?' என்ற சண்டை வந்தது. சில வருடங்களுக்குள் அவர்கள் ஏறுவதைத் தடை செய்தார்கள். இன்றைக்கும் அந்த விதி இருக்கிறது: தரையை விட்டுக் கால் எழும்பிய பிறகு கீழ்க் கையை மேல் கைக்கு மேலே கொண்டுபோகக் கூடாது, மேல் கையையும் கோலில் மேலே நகர்த்தக் கூடாது.

ஒரே ஒரு வரி விதிதான். ஆனால் அதோடு உட்கார்ந்து தாண்டுவது முடிந்துபோனது. கை நகரக் கூடாது என்றால் உடம்பை வேறு வழியில் மேலே கொண்டுபோக வேண்டும். ஊஞ்சல் மாதிரி கால்களை வீசி, தலைகீழாகி, திரும்பி, கால் முதலில் பாரைக் கடக்கிற முறை இப்படித்தான் பிறந்தது.

மணல் குழியும் மடித்த கத்தியும்

மூங்கில் கோல் வந்தது. 1912-ல் அமெரிக்காவின் மார்க் ரைட் 4.02 மீட்டர் தாண்டினார், 4 மீட்டரைக் கடந்த முதல் ஆள் அவர்தான். 1940-ல் கொர்னீலியஸ் வார்மர்டாம் முதல்முறையாக 15 அடியைத் தாண்டினார், 1942-ல் 4.77 மீட்டர். அடுத்த ஆள் 15 அடியைத் தொட 1951 வரை ஆனது. 4.77-ஐ முறியடிக்க 1957 வரை ஆனது.

இவர்கள் எல்லாரும் விழுந்தது மணலிலும் மரத்தூளிலும். நாலரை மீட்டர் உயரத்திலிருந்து மணலில் முதுகு பட விழுந்து பாருங்கள், எழுந்திருப்பீர்களா? அதனால் அவர்களுக்குக் கணக்கு இரண்டு. ஒன்று, பாரைத் தட்டாமல் தாண்டணும். இரண்டு, காலில் வந்து இறங்கணும்.

இந்த இரண்டாவது கணக்குதான் அந்தக் காலத்து உடம்பு வடிவத்தைத் தீர்மானித்தது. அன்றைய பயிற்சிப் புத்தகங்கள் பேசியவற்றில் முக்கியமானவை இரண்டு பாணிகள். ஒன்று 'ஜாக்நைஃப்'. கால்கள் பாரைக் கடந்ததும் உடனே அந்தப் பக்கம் கீழே தொங்கவிட்டு, இடுப்பில் மடங்கி, மடக்குக் கத்தி மாதிரி பாரின் மேல் கவிழ்வது. கால் ஏற்கெனவே குழியைப் பார்த்திருப்பதால் பத்திரம். ஆனால் உடம்பு மேலே போகிற வேகம் சீக்கிரமே செத்துவிடும். இன்னொன்று 'ஃப்ளை அவே'. கால்களைக் கீழே விடாமல் மேலே போகவிட்டு, கையால் கோலைத் தள்ளி, உடம்பு முழுசாகப் பறந்து கடப்பது. உயரம் கிடைக்கும், ஆனால் எப்படி இறங்குவோம் என்பதில் உத்தரவாதம் குறைவு. பெரும்பாலானவர்கள் இரண்டையும் கலந்தே செய்தார்கள். எவ்வளவு தைரியம் இருக்கிறதோ அந்த அளவுக்குப் பறந்தார்கள், மீதிக்கு மடங்கினார்கள்.

நுரை வந்தது, முதுகு விடுதலை ஆனது

1961-ல் ஜார்ஜ் டேவிஸ் ஃபைபர்கிளாஸ் கோலால் 4.83 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். அந்தக் கோலில் அது முதல் உலக சாதனை. அடுத்த வருடமே ஜான் யூல்சஸ் 16 அடி. 1963 ஆகஸ்டில் ஜான் பென்னல் 17 அடி. 15 அடியிலிருந்து 16-க்குப் போக 22 வருடம், 16-லிருந்து 17-க்குப் போக ஒன்றரை வருடம்!

வளையும் கோல் ஆளை மேல்நோக்கி எறிகிறது. எறியப்படும்போது அவர் தலைகீழாக, கால் வானத்தைப் பார்த்து இருக்கிறார். அந்த வேகத்தை முழுசாகப் பயன்படுத்தினால் பாரைக் கடந்த பிறகு காலில் இறங்க வாய்ப்பே இல்லை. முதுகில்தான் விழ வேண்டும். அப்படி விழ வேண்டுமென்றால் மணல் உதவாது. 1960-களில் நுரை ரப்பர் துண்டுகளைக் குவித்து, பிறகு மெத்தையாகவே செய்து போட ஆரம்பித்தது இதனால்தான். உயரம் தாண்டுதலில் டிக் ஃபாஸ்பரி 1968 மெக்சிகோவில் முதுகு காட்டித் தாண்டித் தங்கம் வென்றதும் இதே காலம்தான். நுரை இல்லாமல் அவர் பாணியும் இல்லை.

இந்த மாற்றத்துக்கு விலையும் இருந்தது. தலைகீழாகும் பழக்கம் உடம்புக்கு வர, போல் வால்ட் வீரர்கள் டிராம்போலினில் பயிற்சி செய்தார்கள். 1963 ஜூனில் 5.08 மீட்டர் உலக சாதனை படைத்த பிரையன் ஸ்டெர்ன்பெர்க், அடுத்த மாதமே டிராம்போலின் பயிற்சியில் கழுத்து முறிந்து உடம்பு செயலிழந்தார். வயது 20. 2013-ல் இறக்கும்வரை ஐம்பது வருடம் அந்த நிலையில் வாழ்ந்தார். சாதனைப் பட்டியலில் 5.08 என்று ஒரு வரியாகக் கடந்துபோகும் பெயர் இது.

ரூல் புத்தகம் மறுபடியும்

பாரைத் தாண்டுவது சம்பந்தமாக இன்னும் இரண்டு விதிகள்.

ஒரு காலத்தில், ஆள் சுத்தமாகத் தாண்டினாலும் கையை விட்ட கோல் பாருக்கு அடியில் அந்தப் பக்கம் போய்விட்டால் தாண்டியது செல்லாது. 1968 ஒலிம்பிக்கில் பென்னல் 5.40 தாண்டியும் இந்த விதியால்தான் அது தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. பிறகு விதியே போய்விட்டது. இதை வெறும் துரதிர்ஷ்டமாகப் பார்க்கக் கூடாது. இந்த விதி இருந்தவரை, கடைசித் தள்ளலில் ஒரு பங்கு கோலைப் பின்னால் அனுப்புவதற்கும் போனது. விதி போனதும் அந்தக் கை முழுக்க உயரத்துக்குக் கிடைத்தது.

இரண்டாவது, அமெரிக்கரான டேவ் வோல்ஸ் செய்த வித்தை. பார் ஆடினால், காற்றில் இருக்கும்போதே கையால் அதைப் பிடித்து முளைகளின் மேல் திரும்ப உட்கார வைத்துவிடுவார்! 'வோல்சிங்' என்று இதற்குப் பெயரே வந்தது. எங்கள் தொழிலில் சொன்னால், விதியில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்த ஆள். பிறகு ஓட்டையை அடைத்தார்கள். கையால் பாரை நிறுத்துவதோ திரும்ப வைப்பதோ இப்போது தவறு. பாரைத் தாங்கும் முளைகளின் நீளத்தையும் 75 மில்லிமீட்டரிலிருந்து 55 ஆகக் குறைத்தார்கள். முன்பு லேசாக உரசினாலும் நின்ற பார் இப்போது விழும்.

இன்றைய தாண்டல்

செர்ஹி புப்காவும் அவர் பயிற்சியாளர் விட்டாலி பெட்ரோவும் 1980-களில் நிலைநாட்டியது, பார் தாண்டுவதைத் தனி வேலையாகப் பார்க்காத முறை. கோல் ஊன்றுவதிலிருந்து கை விடுவது வரை இடையில் எங்கும் நிற்காத ஒரே ஊஞ்சல். 1985-ல் 6.00, 1994-ல் 6.14.

இன்றைய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வரிசை இப்படி இருக்கும். உடம்பு தலைகீழாகக் கோலை ஒட்டி ஏறும்போதே தன்னைச் சுற்றித் திரும்பி, வயிறு பாரைப் பார்க்கும். முதலில் கால்கள் கடக்கும். அவை கீழே இறங்க, எதிர்வினையாக இடுப்பு உயரும். இடுப்பு கடந்ததும் மார்பையும் கைகளையும் மேலே, பின்னால் இழுக்க வேண்டும். கட்டைவிரல்களை உள்பக்கம் திருப்பினால் முழங்கைகள் பாரை விட்டு விலகும். எந்தக் கணத்திலும் முழு உடம்பும் பாருக்கு மேலே இருக்கத் தேவையில்லை, ஒவ்வொரு பாகமும் அதனதன் முறைக்கு மேலே இருந்தால் போதும். பாரையும் பெட்டியின் பின்விளிம்பிலிருந்து 80 சென்டிமீட்டர் வரை தள்ளி வைத்துக்கொள்ளலாம். தன் பாதையின் உச்சி எங்கே வரும் என்று தெரிந்தவர்தான் அதைச் சரியாகச் சொல்ல முடியும்.

உயரம் வருவது ஓட்டத்திலிருந்துதான். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தை அப்படியே உயரமாக மாற்றினால் சுமார் 5.1 மீட்டர். எழும்பும்போதே உடம்பின் நடுப்புள்ளி ஏறக்குறைய 1.2 மீட்டரில் இருக்கிறது. கூட்டினால் 6.3. நிஜத்தில் கொஞ்சம் வீணாகும், தோளும் வயிறும் கொஞ்சம் சேர்க்கும். ஆனாலும் 2025 செப்டம்பரில் டோக்கியோவில் டுப்லான்டிஸ் தாண்டியது 6.30. பாரைத் தாண்டும் நுட்பம் இந்த உயரத்தை உண்டாக்குவதில்லை, கிடைத்ததை வீணாக்காமல் காக்கிறது.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. டுப்லான்டிஸ் வீடியோ இப்போது எல்லார் போனிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பறத்தல் அவர் முதுகுக்குக் கீழே இருக்கும் மெத்தையோடு சேர்ந்த நுட்பம். 2002-ல் அமெரிக்காவில், நல்ல வசதியுள்ள ஒரு பல்கலைக்கழகப் போட்டியிலேயே ஒரு மாணவர் மெத்தையில் விழாமல் பெட்டிக்குள் தலைகுப்புற விழுந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் அங்கே மெத்தைகளின் அளவை விதி போட்டுப் பெரிதாக்கினார்கள். மணல் குழி மட்டுமே இருக்கும் மைதானத்தில் ஒரு பிள்ளை மூங்கிலோடு நின்றால், அவருக்கு வார்மர்டாம் காலத்துக் கணக்குதான்: காலில் இறங்கணும். அந்தப் பிள்ளையைப் பறக்கச் சொல்வதற்கு முன்னால் மெத்தையை வாங்கிப் போடுங்கள்.