மிச்சப்பட்ட எண்ணெய் யாருக்கு?

நம் ஊர்ப் பட்டறைகளில் 'பிக்கப்' என்ற சொல், மிதித்த மாத்திரத்தில் வண்டி எப்படி இழுக்கிறது என்பதைக் குறிக்கும். அமெரிக்காவில் அது ஒரு வண்டியின் பெயர். முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த தொட்டி. நம்முடைய குட்டியானையை மனத்தில் வைத்துக்கொண்டு அதைக் கற்பனை செய்துவிடக் கூடாது. பெரிய டீசல் எஞ்சின் வைத்த அமெரிக்கப் பிக்கப் ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ளது. குதிரைகள் நிற்கும் பெட்டிவண்டியையோ ஒரு படகையோ கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு மலையேறக் கூடியது. இத்தனை பெரிய வண்டியை வாங்குகிறவர் மைலேஜைப் பற்றிக் கவலைப்படுவாரா என்று நமக்குத் தோன்றலாம். அவர்களைப் போல் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அரிது. அந்த மைலேஜின் வரலாற்றைத் தொடர்ந்து படித்துச் செல்வது, தலைமுறைகளாக நடக்கும் ஒரு சொத்து வழக்கைப் படிப்பது போலிருக்கிறது. எஞ்சினுக்குள் மிச்சம் பிடித்த எண்ணெய்க்கு உரிமை கோருகிறவர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

வழக்கின் மூலப்பத்திரம் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் எழுதப்பட்டது. 1858-இல் பாரிஸில் ஒரு ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்த ருடால்ஃப் டீசல், மியூனிக்கில் கார்ல் வான் லிண்டேயின் மாணவர். நீராவி எஞ்சின் தனக்கு இடப்பட்ட நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவைத்தான் வேலையாக மாற்றுகிறது, எஞ்சியதெல்லாம் வீண் என்ற பாடம் அவரை உறங்கவிடவில்லை. 1893 ஆகஸ்டில் நடந்த முதல் சோதனையில் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. 1897 பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அளந்தபோது அவருடைய எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அக்காலத்தில் இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. டீசலின் ஆசை வேறொன்றாகவும் இருந்தது. பெரிய நீராவி எஞ்சின் வாங்க வசதியில்லாத சிறு கைவினைஞனிடம் இந்த மிச்சம் போய்ச் சேர வேண்டும் என்று அவர் நம்பினார். 1903-இல் சமூகப் பொருளாதாரம் பற்றி ஒரு நூலே எழுதினார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1913 செப்டம்பர் 29 இரவு 'டிரெஸ்டன்' என்ற கப்பலிலிருந்து அவர் காணாமல் போனார். லாரிகளில் அவருடைய எஞ்சின் உருப்படியாக ஏறியது அதற்குப் பத்தாண்டுகள் கழித்துத்தான்.

டீசல் ஏன் குறைவாகக் குடிக்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்தே சிலிண்டருக்குள் போகின்றன. அந்தக் கலவையை மிகுதியாக அழுத்தினால் நேரம் தவறித் தானே வெடிக்கும். ஆகவே அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. டீசலில் காற்று மட்டுமே உள்ளே போகிறது. அதைப் பதினாறு மடங்கு, இருபது மடங்கு என்று நெருக்கலாம். நெருக்கிய காற்று கொதித்துக் கிடக்கையில் எண்ணெயைப் பீய்ச்சினால் பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். எவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவுக்குப் பிறகு விரியும் இடம் கிடைக்கிறது. விரியும்போதுதான் வெப்பம் வேலையாகிறது. இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் வேகத்தைக் குறைக்க, உள்ளே வரும் காற்றை ஒரு தகடு மறிக்கிறது. மெதுவாகப் போகும்போதெல்லாம் அந்த எஞ்சின் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது போல உழைக்கிறது. டீசலுக்கு இந்தத் தண்டனை இல்லை. எண்ணெயின் அளவைக் குறைத்தால் போதும்.

இந்தச் சிக்கனத்தை அமெரிக்கச் சாலைகளுக்குக் கொண்டுவந்தவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் என்ற சிற்றூரில், டபிள்யூ. ஜி. இர்வின் என்ற வங்கியாளரிடம் கார் ஓட்டியவர். முதலாளியின் பணத்தில் 1919-இல் எஞ்சின் தொழிற்சாலை தொடங்கினார், பத்தாண்டுகள் நட்டம்தான். 1929 கிறிஸ்துமஸ் அன்று, பழைய பாக்கார்ட் கார் ஒன்றுக்குள் டீசல் எஞ்சினை நுழைத்து, கைவிடும் மனநிலையில் இருந்த முதலாளியை அதில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டினார். சில நாட்களில் அதே காரில் நியூயார்க் வரை ஏறத்தாழ 800 மைல் ஓட்டிச் சென்றார். எண்ணெய்ச் செலவு ஒன்றரை டாலருக்கும் குறைவு. 1931-இல் இந்தியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் அவருடைய டீசல் கார் எண்ணெய் நிரப்ப ஒருமுறையும் நிற்காமல் ஓடி முடித்து 13-ஆம் இடத்தைப் பெற்றது. பதிமூன்றாவதாக வந்தவரை வரலாறு நினைவில் வைத்திருக்கும் பந்தயங்கள் அதிகம் இரா. இந்தக் கம்மின்ஸ் என்ற பெயரை வாசகர்கள் மறக்காமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.

பிக்கப் வண்டிகளுக்கு டீசல் வந்ததற்கு 1973 அக்டோபரின் எண்ணெய்த் தடைதான் முதற்காரணம். 1974-இல் நாடெங்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக எல்லை வந்தது; 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அவசரப்பட்டது. அதன் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு 1978-இல் கொண்டுவந்த 5.7 லிட்டர் டீசலில், சிலிண்டர் மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் அமைப்பு பெட்ரோல் எஞ்சினில் இருந்ததைப் போன்றதே. டீசலின் அழுத்தத்தை அவை தாங்கவில்லை. எண்ணெயில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் வைக்கவில்லை. கார்களிலும் சில பிக்கப்களிலும் பொருத்தப்பட்ட அந்த எஞ்சின், அமெரிக்கர்களுக்கு டீசல் கார் என்றாலே கசக்கும்படி செய்துவிட்டது. 1982-இல் வந்த ஜி.எம்.மின் 6.2 லிட்டர் எஞ்சினும் 1983-இல் ஃபோர்டு வாங்கிப் பொருத்திய இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 6.9 லிட்டர் எஞ்சினும் டீசலாகவே பிறந்தவை, பழுதில்லாமல் உழைத்தன. ஆயினும் அவற்றில் எண்ணெய் நேராகச் சிலிண்டருக்குள் போகாமல், பக்கத்திலுள்ள ஒரு சிறு முன்னறையில் பற்றி, பிறகு உள்ளே பாய்ந்தது. சத்தம் குறைந்தது. அறையின் சுவர்கள் வெப்பத்தைக் குடித்ததால் மைலேஜும் குறைந்தது.

1989 மாடல் டாட்ஜ் ராமில் இந்த முன்னறை இல்லை. கம்மின்ஸ் நிறுவனம் உழவு இயந்திரங்களுக்கும் தொழிற்கருவிகளுக்குமாக உருவாக்கிய 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினை டாட்ஜ் எடுத்துப் பொருத்தியது. எண்ணெய் நேராகப் பிஸ்டனின் தலையிலுள்ள குழிக்குள் பாய்ந்தது, டர்போவும் உண்டு. நேர்ப்பாய்ச்சல் என்ற இந்த ஒரு மாற்றமே பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை எண்ணெயை மிச்சப்படுத்தக் கூடியது. காது கிழியும் சத்தம், அதிர்வு. ஆனாலும் பாரமில்லாத நெடுஞ்சாலை ஓட்டத்தில் காலனுக்கு 20 மைல், அதாவது லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர், கிடைத்ததாக அதன் உரிமையாளர்கள் பெருமையோடு சொல்வார்கள். 'சொல்வார்கள்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாரத்தோடு சேர்த்து 8,500 பவுண்டுக்கு மேல் எடை அனுமதிக்கப்பட்ட பிக்கப்களுக்கு அந்தச் சிக்கனச் சட்டம் பொருந்தவில்லை. புதிய காரின் கண்ணாடியில் ஒட்டும் மைலேஜ் சீட்டு இவற்றுக்குக் கிடையாது. பெரிய டீசல் பிக்கப்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்கு அப்பால்தான் நின்றன. 2011-இல் வகுத்த விதிகள் 2014 மாடல் முதல் இவற்றுக்கும் சிக்கன இலக்கு வைத்தன. அப்போதும் கண்ணாடியில் எண் ஏறவில்லை. மைலேஜுக்காக வாங்கும் வண்டிக்கு மைலேஜ் என்னவென்று அரசாங்கம் சொல்லாது. டாங்கை வாய்வரை நிரப்பி, ஓடிய மைலைக் குறித்து, மறுபடி நிரப்பி வகுத்துப் பார்க்கும் பழக்கம் அந்த ஓட்டுநர்களிடம் வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

1989-இன் கம்மின்ஸ் 160 குதிரைத்திறன் கொண்டது. முறுக்குவிசை, அவர்கள் அளவையில், 400. முப்பதே ஆண்டுகளில், 2019 மாடலில், அதே வரிசை எஞ்சினின் முறுக்குவிசை 1,000 ஆனது, குதிரைத்திறன் 400. இடைப்பட்ட காலத்தில் எஞ்சின் நுட்பம் தலைகீழாக மாறிவிட்டிருந்தது. 2001-இல் ஜி.எம்.மின் டுராமேக்ஸ் மூலம், உயர் அழுத்தக் குழாய் ஒன்றிலிருந்து எல்லா நாசில்களுக்கும் எண்ணெய் பகிரும் முறை அமெரிக்கப் பிக்கப்களுக்கு வந்தது. ஒரே வெடிப்புக்குள் துளித்துளியாகப் பலமுறை பீய்ச்ச முடிந்தது. இந்த அறிவெல்லாம் பழைய வண்டியின் எடைக்கும் திறனுக்கும் செலவிடப்பட்டிருந்தால் மைலேஜ் எங்கோ போயிருக்கும். அது பெரும்பாலும் இழுவிசைக்கே போயிற்று. சிக்கனமான எஞ்சின் வந்தால் நிலக்கரிச் செலவு கூடுமேயன்றிக் குறையாது என்று வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-லேயே வாதிட்டார். பிக்கப் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைவுதான் வருகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறும் என்பதால், மைலேஜைக் கூட்டக் காசு செலவில்லாத வழி மெதுவாகப் போவதுதான். அந்த 55 மைல் எல்லையை 1995-இல் நீக்கிவிட்டார்கள்.

வழக்கில் கடைசியாக வந்து நின்ற வாதி, சாலையோரத்தில் மூச்சு விடுகிறவர். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். வெப்பம் மிகும்போது அது ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. சூரிய ஒளியில் இவையும் எரிபொருள் ஆவிகளும் சேர்ந்துதான் லாஸ் ஏஞ்சலிஸின் நச்சுப்புகை உண்டாகிறது என்று ஹாகன்-ஸ்மித் 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். எண்ணெயைச் சற்று முன்கூட்டியே பீய்ச்சினால் எரிதல் சூடாகவும் முழுமையாகவும் நடக்கும். மைலேஜ் கூடும், நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். தாமதித்துப் பீய்ச்சினால் நச்சு குறையும், மைலேஜ் இறங்கும், கரி ஏறும். டீசலின் சிக்கனமும் அதன் நச்சும் ஒரே வெப்பத்தில் பிறந்த இரட்டையர்.

பெரிய லாரிகளின் கணினிகள் சோதனைக்கூடத்தில் ஒரு நேரத்தையும், நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது மைலேஜுக்கு உகந்த இன்னொரு நேரத்தையும் வைத்துக்கொண்டிருந்ததாக அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. 1998 அக்டோபரில் ஏழு உற்பத்தியாளர்கள் அரசுடன் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கம்மின்ஸ் அவர்களுள் ஒன்று. அடுத்து வந்த கடுமையான விதிகளால் 2007 முதல் பிக்கப்களில் கரி வடிகட்டி கட்டாயமாயிற்று. வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது கூடுதல் எண்ணெய் செலவழித்து எரித்தாக வேண்டும். மைலேஜ் விழுந்தது, உரிமையாளர்கள் கொதித்தார்கள். 2010-ஐ ஒட்டி யூரியாக் கரைசலைப் புகைக்குழாயில் தெளித்து நச்சை முறிக்கும் முறை பரவியது. எஞ்சினைச் சூடாக எரியவிட்டு, நச்சைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் மைலேஜ் ஓரளவு மீண்டது. என் கணிப்பில், இவ்வழக்கில் இரு தரப்புக்கும் நியாயம் செய்ய முயன்ற ஒரே தீர்ப்பு இந்த யூரியாத் தொட்டிதான்.

இரு தரப்பும் அதை ஏற்கவில்லை. வடிகட்டியைக் கழற்றி, கணினிக்குள் வேறு நிரலை ஏற்றி, இழந்த மைலேஜை மீட்டுத் தருவதற்கென்றே ஒரு பட்டறைத் தொழில் வளர்ந்தது. பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்கள் இப்படி மாற்றப்பட்டன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது. அவை கூடுதலாக வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு, முறையான 90 லட்சம் பிக்கப்களைச் சாலையில் புதிதாக இறக்கியதற்குச் சமம். ஒருவர் பணப்பையில் சேரும் சில டாலர்கள் யாருடைய நெஞ்சிலிருந்து எடுக்கப்படுகின்றன என்ற கேள்விக்கு இதைவிடத் துல்லியமான கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 2013 முதல் 2023 வரையிலான ராம் பிக்கப்களில் ஏறத்தாழ பத்து லட்சம் வண்டிகளின் எஞ்சின் மென்பொருள் விதிக்கு மாறானது என்று அரசு தொடுத்த வழக்கில், கம்மின்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் இணக்கத்துக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட இசைந்தது. தூய காற்றுச் சட்டத்தின்கீழ் அதுவரை விதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரிய உரிமையியல் அபராதம் அது. ஒன்றரை டாலருக்கும் குறைவான எண்ணெயில் நியூயார்க் போனவரின் நிறுவனம்.

உடன்பாட்டில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: திரும்ப அழைக்கப்படும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் 85 சதவீதத்தையாவது மூன்றாண்டுகளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். சரிசெய்வது என்றால் பழைய மென்பொருளை அழித்துப் புதியதை ஏற்றுவது. அதற்கு வண்டியை உரிமையாளரே கொண்டுவந்து விட வேண்டும்.