இடிந்த ஊரில் எழுந்த துறவு மடம்

ஜூபிலி கொண்டாடும் பங்கில் முதலில் கண்ணைக் கவர்வது கோவில்தான். புது வர்ணம் பூசிய கோபுரம், விளக்கு அலங்காரம், கொடிமரம் என்று எல்லாம் ஜொலிக்கும். அவற்றைக் கண்டு மகிழ்வது நியாயமே. ஆனால் ஒருநாள் காலையில் அந்தக் கோவிலே இல்லாமற் போனால், எஞ்சி நிற்பது என்ன? இக்கேள்விக்கு நம் காலத்திலேயே தம் வாழ்க்கையால் விடை சொன்ன ஒரு சிறு துறவறக் குடும்பத்தின் வரலாற்றை, இவ்விழா மலரைப் படிக்கும் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தாலி நாட்டின் நடுவே, உம்பிரியா மாநிலத்து மலைகளுக்கிடையில் மதில் சூழ்ந்த சிற்றூர் நோர்சியா. ஏறக்குறைய கி.பி. 480-இல் புனித ஆசீர்வாதப்பரும், அவருடைய சகோதரி புனித ஸ்கொலாஸ்திக்காவும் பிறந்த ஊர் இதுவே. படிப்புக்காக உரோமை சென்ற ஆசீர்வாதப்பர், அந்நகர வாழ்வின் சீர்கேட்டை வெறுத்து சுபியாக்கோ மலைக் குகையில் தனித்து வாழ்ந்தார். பின்னர் மொந்தே கசீனோவில் மடம் நிறுவினார். அங்கு அவர் எழுதிய 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கு நூல், மேலைநாட்டுத் துறவறத்துக்கே அடித்தளமாயிற்று.

அந்நூலில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நமக்குப் பழக்கமான குருக்களும் கன்னியரும் இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று அனுப்பப்படுவார்கள். ஆசீர்வாதப்பரின் துறவியோ கீழ்ப்படிதலோடும் மனமாற்ற வாழ்வோடும் சேர்த்து, 'நிலைத்திருப்பேன்' என்றும் வார்த்தைப்பாடு கொடுக்கிறார். சேர்ந்த மடத்துச் சகோதரர்களோடு சாகும்வரை வாழ்வது என்பது அதன் பொருள். மடம் விட்டு மடம் திரிந்து விருந்துண்ணும் துறவிகளைப் புனிதர் தம் நூலின் முதல் அதிகாரத்திலேயே கண்டிக்கிறார்.

இப்படி நிலைத்திருக்கக் கற்றுக்கொடுத்தவரின் சொந்த ஊரிலேயே துறவிகள் இல்லாமற் போனது வரலாற்றின் விசித்திரம். அவர் பிறந்த வீடு என்று மரபு கூறும் இடத்தின் மேல் எழுந்த பேராலயத்தில் துறவிகள் நெடுங்காலம் செபித்து வந்தார்கள். 1810-இல் நெப்போலியன் ஆட்சியின் சட்டங்கள் அவர்களை வெளியேற்றின. அதன்பின் ஏறக்குறைய 190 ஆண்டுகள் அவ்வாலயத்தில் துறவிகளின் சங்கீத ஒலி கேட்கவில்லை.

அந்த மௌனத்தைக் கலைத்தவர் அருட்தந்தை காசியன் ஃபோல்சம். அமெரிக்கரான இவர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. உரோமையில் வழிபாட்டியல் கற்பித்த பேராசிரியர். 1998-இல் உரோமையிலே ஒரு சாதாரணக் குடியிருப்பில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு புதிய துறவறக் குடும்பத்தைத் தொடங்கினார். பெருஞ்செல்வமோ, பெருங்கூட்டமோ இல்லை. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அச்சிறு மந்தை நோர்சியாவில் குடியேறியது. ஆசீர்வாதப்பர் வீடு திரும்பினார் என்றே சொல்லலாம்!

பழைய ஒழுங்கை அப்படியே வாழ்வதே அவர்கள் நோக்கம். இருள் விலகுமுன் எழுந்து, பகலில் ஏழு வேளையும் கூடி, வாரந்தோறும் 150 சங்கீதங்களையும் இலத்தீன் மொழியில் பாடுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நாம் தாய்மொழியில் திருப்பலி கண்டு பயன் பெறுகிறோம். அவர்களோ பழைய இலத்தீன் வழிபாட்டையும் கிரகோரியன் இசையையும் போற்றிக் காக்கிறார்கள். 2015-இல் அவர்கள் வெளியிட்ட மாதா பாடல் இசைத்தட்டு அமெரிக்காவில் மரபிசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

கைத்தொழிலால் பிழைப்பவனே உண்மைத் துறவி என்பது புனிதரின் போதனை. எனவே 2012 முதல் பீர் காய்ச்சி விற்றார்கள். துறவிகளுக்கு இது தகுமா என்று நம்மூரில் முகம் சுளிப்போர் இருக்கலாம். ஐரோப்பிய மடங்களிலோ இது பல நூற்றாண்டு வழக்கம்.

நோர்சியா தனித்த அதிசயமன்று. பிரான்சு நாட்டில் துறவிகள் இல்லாதிருந்த ஃபோங்கொம்போ மடத்துக்கு 1948-இல் துறவிகள் திரும்பினர். அங்கிருந்து 1999-இல் சென்ற துறவிகள் அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் கிளியர் கிரீக் மடத்தைத் தொடங்கினர். 2010-இல் அது 'அபே' எனப்படும் முழுநிலை மடமாயிற்று. பழைய வேரிலிருந்து புதுத் தளிர்கள்!

ஆனால் நோர்சியாவின் தளிருக்குச் சோதனை வந்தது. 2016 ஆகஸ்டு 24-ஆம் நாள் விடியுமுன் பூமி அதிர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய முந்நூறு உயிர்கள் மாண்டன. துறவிகள் உயிர் பிழைத்தனர். மடமோ குடியிருக்கத் தகாததாயிற்று. பலர் சிலகாலம் உரோமையில் தங்கினர். இருவர் மட்டும் ஊரைக் காத்து நின்றனர். பின்னர் எல்லாரும் திரும்பி வந்து, ஊருக்கு வெளியே மலைச்சரிவில் கூடாரம் அடித்துச் செபத்தைத் தொடர்ந்தார்கள்.

அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. காலை 7.40 மணிக்கு முன்னதினும் பெரிய அதிர்ச்சி! சில நொடிகளில் ஆசீர்வாதப்பர் பேராலயம் சரிந்தது. முகப்புச் சுவர் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது. மலையிலிருந்து ஓடிவந்த துறவிகள் என்ன செய்தார்கள்? நகரச் சதுக்கத்தில், புழுதிக்கு நடுவே, ஊர் மக்களோடு முழந்தாளிட்டுச் செபித்தார்கள்.

அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கர். தாய்நாட்டுக்குத் திரும்பியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஆனால் நிலைத்திருப்பேன் என்ற வார்த்தைப்பாட்டுக்கு அன்றுதான் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் கொடுத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் தலைமைப் பொறுப்பு தந்தை பெனடிக்ட் நிவாக்கோஃபிடம் வந்தது. குளிரிலும் பனியிலும் கூடாரத்திலும் மரக் குடில்களிலும் வாழ்ந்து, மலைச்சரிவில் தாங்கள் முன்பே வாங்கியிருந்த பழைய கப்புச்சின் மடத்தைக் கல்மேல் கல்லாக எடுத்துக் கட்டினார்கள். 2024 மே மாதத்தில் அதுவும் முழுநிலை மடமாக உயர்த்தப்பட்டது. தந்தை பெனடிக்ட் அதன் முதல் அதிபரானார். கீழே ஊரில் பேராலயமும் பல ஆண்டு உழைப்புக்குப் பின் திரும்ப எழுந்தது.

அன்பர்களே, கோவில் இடிந்த அன்றும் நோர்சியாவில் செபம் நிற்கவில்லை. 1810-இலோ கோவில் இடியாமலே நின்றது. செபிப்போர்தாம் இல்லாமற் போனார்கள். இவ்விரண்டில் எது பெரிய இழப்பு? நம் முன்னோர் ஓலைக் குடிசையானாலும் கூடிச் செபமாலை சொன்னதால்தான் நமக்குப் பங்கு உண்டாயிற்று, ஜூபிலியும் உண்டாயிற்று. பிழைப்புக்காக நம் பிள்ளைகள் எங்கெங்கோ செல்கிறார்கள். அது தவிர்க்க முடியாதது. ஆனால் ஊரில் இருக்கும் நாம், அந்தி மணி ஒலிக்கும்போது கோவிலில் இருக்கிறோமா? விழா முடிந்து விளக்குகளை அவிழ்த்த பிறகும் அந்த மணிக்குச் செவிசாய்த்து வருபவர்களே இப்பங்கின் உண்மைத் தூண்கள்.

புனித ஆசீர்வாதப்பரே, நாங்கள் நிலைத்திருக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.