பூதத்தைக் கொன்றால் எத்தனை புள்ளி? ஒரு விளையாட்டின் ஐம்பது வருடக் கணக்கு

"எக்ஸ்பி கூடிட்டு", "லெவல் ஏறிட்டேன்" என்று போனில் விளையாடும் எமது பிள்ளைகள் சொல்வதை நாம் தினமும் கேட்கிறோம். இந்தச் சொற்கள் போன் வருவதற்கு வெகு முன்பே, பென்சில், தாள், தாயக்கட்டை என்பவற்றோடு மேசையைச் சுற்றி இருந்து ஆடும் ஒரு விளையாட்டின் மூலம் பரவியவை. அந்த விளையாட்டின் புள்ளிக் கணக்கு எப்படி மாறி வந்தது என்ற வரலாறு, புள்ளி போடும் ஆசிரியர்களுக்கும் புள்ளியை எதிர்பார்க்கும் பெற்றோருக்கும் பயன்படும். அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இயங்கிய ரி.எஸ்.ஆர். என்ற சிறிய கம்பனி 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. உருவாக்கியவர்கள் கேரி கைகெக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர். ஒருவர் நடுவராக இருந்து கதையைச் சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று நிலவறைகளுக்குள் இறங்குவார்கள். பூதங்களோடு சண்டை வந்தால் தாயக்கட்டை தீர்ப்புச் சொல்லும். பிழைத்து வந்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் பாத்திரம் அடுத்த மட்டத்துக்கு ஏறும்.

முதல் விதி மிகவும் எளியது. ஒரு பூதத்தின் உயிர்ப்பலத்தைத் தீர்மானிக்க எத்தனை கட்டை உருட்ட வேண்டுமோ, அதுவே அதன் மட்டம். மட்டம் ஒன்றுக்கு 100 புள்ளி. ஏழாம் மட்டத்துப் பூதத்தை வென்றால் 700. வீரன் இரண்டாம் மட்டத்துக்கு ஏற 2,000 புள்ளி வேண்டும், மூன்றாவதற்கு 4,000, நான்காவதற்கு 8,000. ஆரம்ப மட்டங்களில் இப்படி இரட்டித்துக்கொண்டே போகும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு கட்டைப் பலமுள்ள 'ஓர்க்' என்ற சிறு பூதங்களில் 20ஐ வென்றாலே ஒருவன் இரண்டாம் மட்டம் ஏறிவிடலாம். இது மிகவும் மலிவு. அடுத்த வருடமே, 1975இல், கைகெக்ஸும் ரொபர்ட் குன்ட்ஸும் எழுதிய 'கிரேஹோக்' என்ற இணைப்பு நூல் அந்த 100ஐ 10 ஆகக் குறைத்தது. 20 ஓர்க் போதும் என்றிருந்த இடத்தில் 200 தேவைப்பட்டது.

ஆனால் ஒரு விதி மாறவில்லை. ஒரு தங்கக் காசைக் கொண்டுவந்தால் ஒரு புள்ளி. இதன் விளைவைப் பாருங்கள். பூதத்தோடு மோதினால் 10 புள்ளி, உயிருக்கும் ஆபத்து. அது காவல் காக்கும் பெட்டியில் 300 காசு இருந்தால் 300 புள்ளி. எனவே கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்தார்கள். ஒளிந்து போனார்கள், பேரம் பேசினார்கள், ஏமாற்றினார்கள். "சண்டை போடாதே" என்று எந்த விதியும் அவர்களைத் தடுக்கவில்லை. புள்ளி இருந்த இடம்தான் அவர்களை அப்படி நடக்க வைத்தது.

1974 விதியில் இன்னொரு அழகான பின்னமும் இருந்தது. எட்டாம் மட்டத்து மந்திரவாதி நிலவறையின் ஐந்தாம் தட்டில் புள்ளி தேடினால் அவருக்கு 5/8 பங்கு மட்டுமே. பெரியவர் சின்னவரை அடித்து உயர முடியாது. எட்டாம் தரப் பிள்ளைக்கு ஐந்தாம் தர வினாத்தாளைக் கொடுத்து முழுப் புள்ளி போடலாமா? அதே நியாயம்தான் இது.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பு, தங்கத்துக்கான புள்ளியை 'விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள்' என்ற நிலைக்குத் தள்ளியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது இல்லை. சவாலை வென்றால்தான் புள்ளி என்றானது. பெரும்பாலான மேசைகளில் சவால் என்றால் சண்டை. ஆட்டமும் சண்டைப் பக்கம் சாய்ந்தது.

சண்டையே பிரதானமானால் அதை ஒழுங்காக அளக்க வேண்டுமே. மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு 'சவால் எண்' கொடுத்தது. சவால் எண் 5 என்றால், ஐந்தாம் மட்டத்து நால்வருக்கு அது நியாயமான எதிரி. அவர்களின் பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்க வைக்கும். இப்படிப்பட்ட சண்டைகள் 13 அல்லது 14 முடிந்தால் ஒரு மட்டம் ஏறலாம் என்று புள்ளிகளை அமைத்தார்கள்.

அடுத்த பிரச்சினை கூட்டம். ஒரு 'கோப்ளின்' ஒரு சுற்றில் ஒரு அடி அடிக்கும், எமது வீரர்கள் சுற்றுக்கு ஒரு கோப்ளினை வீழ்த்துவார்கள், ஒவ்வொரு சுற்றிலும் கோப்ளின்களே முதலில் அடிக்கும் என்று வைப்போம். நான்கு கோப்ளின்கள் ஒவ்வொன்றாக வந்தால் நாம் வாங்கும் அடி 1+1+1+1, மொத்தம் 4. நான்கும் ஒன்றாக வந்தால் 4+3+2+1, மொத்தம் 10. அதே நான்கு கோப்ளின்கள், ஆனால் அடி இரண்டரை மடங்கு! படைகளின் எண்ணிக்கையைப் பற்றி இதே வகைச் சிந்தனையை பிரெட்ரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1916இல் தமது நூலில் சமன்பாடாகவே எழுதியிருந்தார்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதற்கு ஒரு பெருக்கல் அட்டவணை தந்தது. இரண்டு எதிரிகள் என்றால் ஒன்றரை மடங்கு, மூன்று முதல் ஆறு வரை இரண்டு மடங்கு. கோப்ளின் ஒன்றுக்கு 50 புள்ளி. நான்குக்கு 200. கூட்டத்துக்காக இரண்டால் பெருக்கினால் 400. முதலாம் மட்டத்து நால்வருக்கு 'உயிராபத்து' என்று அந்நூல் வைத்த எல்லையும் சரியாக 400! ஆனால் வென்ற பிறகு கிடைப்பது 200தான், ஆளுக்கு 50. பெருக்கல் ஆபத்தை அளக்க மட்டுமே, பரிசுக்கு அல்ல.

ஆபத்தும் பரிசும் இரண்டு வெவ்வேறு அளவுகள் என்பதை அந்த அட்டவணை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2024 திருத்தத்தில் பெருக்கலை நீக்கி, கணக்கை எளிமையாக்கினார்கள். கூட்டத்தின் ஆபத்தை நிறுப்பது இப்போது பெரும்பாலும் நடுவரின் கண்ணில்தான் இருக்கிறது.

இதில் எமக்கு என்ன இருக்கிறது? இரண்டு விடயங்கள்.

ஒன்று: நான்கு பாட ஒப்படைகளை ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டு, "ஒவ்வொன்றும் சின்னதுதானே" என்று நாம் சொல்கிறோம். பிள்ளைக்கு அது 1+1+1+1 அல்ல, 4+3+2+1. புள்ளியோ ஒவ்வொன்றுக்கும் பழைய புள்ளிதான். ஒரே பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியர்கள் தமக்குள் பேசி, திகதிகளைப் பிரித்துப் போட்டாலே இந்தச் சுமை பாதிக்கு மேல் குறையும்.

இரண்டு: எதற்குப் புள்ளி போடுகிறோமோ அதையே பிள்ளைகள் செய்வார்கள். கொப்பி நிரம்பியிருப்பதற்குப் புள்ளி என்றால் கொப்பியை நிரப்புவார்கள், பக்கத்துப் பிள்ளையுடையதைப் பார்த்தாவது. கேள்வி கேட்பதற்குப் புள்ளி என்றால் கேள்வி கேட்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லுமுன், புள்ளியை எங்கே வைத்திருக்கிறோம் என்று நாம் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.

உங்கள் வீட்டில், உங்கள் வகுப்பில் இப்போது எதற்கு அதிகம் புள்ளி கிடைக்கிறது? கருத்துகளில் எழுதுங்கள், பேசுவோம்.