கடைக்குறை: கல்வெட்டிலிருந்து கைபேசித் திரை வரை

பாகூரில் எங்கள் தெருவில் ஒரு மூத்த பெண்மணி இருக்கிறார். பெரியம்மா என்றுதான் அழைப்பேன். சில மாதங்களுக்கு முன் அவர் கைபேசியோடு வீட்டுக்கு வந்தார். உதவித்தொகைக்கான விண்ணப்பம் ஒன்றை ஒரு செயலியில் பேரனின் துணையோடு நிரப்பியிருந்தார். "கடைசியா வந்த ரெண்டு பொத்தான்ல ஒண்ண அமுக்கினேன் தம்பி. ஒரு மாசமாச்சு, பதிலே காணோம்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். திரையின் அடியில் பக்கம் பக்கமாக இரண்டு பொத்தான்கள். இரண்டிலும் ஒரே எழுத்துகள்: "விண்ணப்பத்…". அதற்கப்பால் மூன்று புள்ளிகள். கைபேசியைக் கிடைவாட்டில் திருப்பியபோதுதான் முழுத் தொடர்களும் தெரிந்தன. ஒன்று ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பி’. மற்றொன்று ‘விண்ணப்பத்தைச் சேமி’. பெரியம்மா அழுத்தியது இரண்டாவதை. விண்ணப்பம் எங்கும் போகாமல் அவர் கைபேசியிலேயே கிடந்தது. கடைசி நாளோ கடந்துவிட்டிருந்தது.

நிரல் எழுதும் தொழிலில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது இதைச் சொன்னேன். "கன்ஸ்ட்ரெய்ன்ட் சரியாகக் கொடுக்கவில்லை, ஐயா. ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் தமிழை ஊற்றியிருக்கிறார்கள்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு படித்ததன் விளைவு இக்கட்டுரை.

*

கன்ஸ்ட்ரெய்ன்ட் என்பதைக் கட்டுப்பாடு எனலாம். திரையில் ஒரு பொத்தான் எங்கே அமர வேண்டும் என்பதை ‘இடமிருந்து 20, மேலிருந்து 400’ என்று எண்களால் சொல்வது பழைய வழி. ‘பெயருக்கு வலப்புறம் 8 புள்ளி தள்ளி இரு, திரையின் ஓரத்தைத் தாண்டாதே’ என்று உறவுகளால் சொல்வது கட்டுப்பாட்டு வழி. முதலாவது முகவரி, இரண்டாவது முறைமை.

இந்த எண்ணத்திற்கு அறுபதாண்டு வரலாறு உண்டு. 1963இல் ஐவன் சதர்லாந்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த ஆய்வேட்டின் பகுதியான ‘ஸ்கெட்ச்பேட்’, ‘இவ்விரு கோடுகளும் இணையாக இருக்கட்டும்’ என்று வரைபவர் விதிக்க, அவ்வாறே அவற்றைத் திருத்தி அமைத்தது. 1979இல் ஆலன் போர்னிங்கின் ‘திங்லேப்’ அதை மேலும் வளர்த்தது. 1990களின் பிற்பகுதியில் போர்னிங்கும் கிரெக் படரோஸ், பீட்டர் ஸ்டக்கி ஆகியோரும் ‘கசோவரி’ என்ற தீர்வுமுறையை உருவாக்கினர். 1947இல் ஜார்ஜ் டான்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் கணிதமே அதன் அடிப்படை. விதிகளையெல்லாம் சமன்பாடுகளாக்கி, ஒன்றோடொன்று முரண்படும்போது முதன்மை குறைந்ததை விட்டுக்கொடுக்கச் செய்வது அதன் வேலை.

2011இல் ஆப்பிள் இதைத் தன் மேக் கணினிகளில் ‘ஆட்டோ லேஅவுட்’ என்ற பெயரில் புகுத்தியது. அடுத்த ஆண்டே ஐபோனுக்கும் வந்தது. காரணம் எளிது. 2012இல் ஐபோன் 5 வெளிவந்தபோது, அதுவரை மாறாதிருந்த திரையின் உயரம் 480 புள்ளிகளிலிருந்து 568 ஆயிற்று. எண்களை நம்பி எழுதியவர்கள் தவித்தனர். பல அளவுத் திரைகள் புழங்கிய ஆண்ட்ராய்டுக்கு, 2016இல் கூகுள் ‘கன்ஸ்ட்ரெய்ன்ட் லேஅவுட்’டை அறிவித்தது.

*

இடம் போதாவிட்டால் சொல்லை என்ன செய்வது? ஆப்பிளின் நிரலகத்தில் வெட்டுவதற்கு மூன்று வழிகள் உள்ளன: தலையை வெட்டலாம், நடுவை வெட்டலாம், வாலை வெட்டலாம். மாணவர் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை! பவணந்தியார் நன்னூலில் செய்யுள் விகாரங்களோடு சேர்த்துச் சொன்னவை இவையே. தாமரை ‘மரை’ ஆவதும், ஓந்தி ‘ஓதி’ ஆவதும், நீலம் ‘நீல்’ ஆவதும் வகுப்பில் நாம் சொல்லும் எடுத்துக்காட்டுகள். யாப்பும் ஒரு கட்டுப்பாடுதான். தளை தட்டாதிருக்கச் சொல் சற்றுக் குறுகலாம் என்று இலக்கணம் இசைந்தது. ஆனால் குறைந்த சொல்லைக் கேட்பவன் நிறைந்த சொல்லாக உணர வேண்டும் என்பது அந்த இசைவின் உள்ளிருக்கும் நிபந்தனை.

செயலிகளில் பெருவழக்காக இருப்பது கடைக்குறை. ஆங்கிலத்தில் ஏவல் முதலில் வரும். வால் போனாலும் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது எஞ்சும். தமிழில் வினை இறுதியில் நிற்கிறது. எதிர்மறை அதற்கும் பின்னால் வருகிறது. ‘அனுமதிக்க வேண்டாம்’ என்பதன் வாலை வெட்டினால் எஞ்சுவது ‘அனுமதி…’. மறுப்பு இசைவாகிவிடுகிறது. பெரியம்மாவுக்கு நேர்ந்தது கவனக்குறைவு அன்று. அவர் படிக்க வேண்டிய சொல் திரையில் இல்லவே இல்லை.

உயரத்திலும் இதே ஆபத்து உண்டு. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் முதியவர்களின் கைபேசியில், உயரம் கட்டப்பட்ட பெட்டி மேற்புள்ளியை வெட்டிவிடும். புள்ளி போனால் ‘க்’, ‘க’ ஆகிவிடும்.

*

புள்ளியில்லாத தமிழ் எங்கள் ஊருக்குப் புதிதன்று. மூலநாதர் கோயில் கல்வெட்டுகளில் மெய்க்குப் பெரும்பாலும் புள்ளி இராது; சொற்களுக்கிடையே வெளியும் இராது. சிற்பி கல்லின் விளிம்பு வந்ததும் சொல்லை எங்கு வேண்டுமானாலும் முறித்து அடுத்த வரிக்குப் போவான். ஆண்டு, நெல், நிலம் போன்று அடிக்கடி வருவனவற்றுக்குக் குறியீடுகள் இருந்தன. முறிப்பான், சுருக்குவான், ஆனால் இடமில்லை என்று கொடையின் முடிவை விட்டுவிட மாட்டான்.

பாகூர்ச் செப்பேடுகளும் இதற்குச் சான்று. 1879இல் கண்டெடுக்கப்பட்டுப் பின்னர்ப் பாரிசுக்குப் போன ஐந்து ஏடுகள் அவை. பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூரிலிருந்த கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்ட செய்தியை வடமொழியிலும் தமிழிலும் சொல்கின்றன. செய்திக்கேற்ப ஏடுகள் கூடும். ஏட்டுக்கேற்பச் செய்தி குறையாது.

கல்லில் கடைக்குறை பிற்காலத்தில் நேர்ந்தது. திருப்பணியில் கற்கள் இடம் மாறி, பின்னெழுந்த சுவர் மறைத்து, இறுதி வரிகள் தொலைந்த கல்வெட்டுகள் எத்தனையோ. கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டினால் ‘முற்றுப்பெறவில்லை’ என்ற குறிப்பு அடிக்கடி கண்ணில் படும். மன்னன், ஆண்டு, நாடு, ஊர் எல்லாம் முன்னால் வந்துவிடுகின்றன. யாருக்கு எது, எந்த நிபந்தனையில் என்பது இறுதியோடு போய்விடுகிறது. தமிழ்த் தொடரின் உயிர் வாலில் இருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன.

*

பொறிக்காக எழுத்து வளைந்ததும் உண்டு. 1935இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கையாண்டு, 1978இல் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்த எழுத்துகளுக்கு அச்சுக் கோப்பின் இடர்ப்பாடும் ஒரு காரணம். ணை, லை, னை ஆகியவற்றின் பழைய துதிக்கை வடிவங்கள் மறைந்தன. ஈயத்தை வளைக்க முடியாது, எழுத்தை வளைத்தார்கள். அது நியாயமே.

ஆனால் நிரல் ஈயம் அன்று. மாணவர் என் எதிரிலேயே அப்படியொரு திரையை அமைத்துக் காட்டினார். பொத்தானின் அகலத்தையும் உயரத்தையும் ‘இவ்வளவுதான்’ என்று கட்டியிருந்த சமன்பாடுகளை ‘இவ்வளவுக்குக் குறையாமல்’ என்று மாற்றினார். எழுத்து எத்தனை வரியானாலும் இறங்கலாம் என்றார்; அதற்கு வரி எண்ணிக்கையில் சுழி இட வேண்டும். சுருக்கத்தை எதிர்க்கும் வலிமை என்றொரு எண் உண்டு. இயல்பாக 750 இருக்கும், உச்சம் 1000. பொத்தானின் சொல்லுக்கு அதை உயர்த்தி, அருகிருந்த படத்திற்குக் குறைத்தார். இப்போது இடம் போதாவிட்டால் சுருங்குவது படம், சொல் அன்று. இறுதியாக, அகலம் குறைந்த திரையில் இரு பொத்தான்களும் பக்கவாட்டில் நிற்காமல் மேலும் கீழுமாக அடுக்கப்படும்படி செய்தார். எல்லாம் சேர்ந்து பத்து வரி இருக்கும்.

எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை எண்ணால் எழுதிவைப்பதே அந்தப் பத்து வரியின் சாரம். எழுதாவிட்டாலும் ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்கும். அந்தச் செயலியில் விட்டுக்கொடுத்தது வினைமுற்று, இழந்தது பெரியம்மா.

இப்போது எந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பும் அவர் கைபேசியை ஒருமுறை கிடைவாட்டில் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார்.