உப்பிட்டவர் யார்?

“உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்பது நம் முன்னோர் வாக்கு. செஞ்சோற்றுக் கடனுக்காகக் களத்தில் உயிர் நீத்த கர்ணனை இன்றளவும் நாம் போற்றுகின்றோம். உண்ட சோற்றுக்குத் துரோகம் செய்யலாகாது என்னும் இவ்வறம் இந்நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவானது. வெள்ளையராட்சி இங்கு நெடுங்காலம் நிலைத்ததற்கு இவ்வறமும் ஒரு காரணம் எனலாம். துப்பாக்கி ஏந்தியோர், கணக்கெழுதியோர், வரி தண்டியோர் ஆகியோருள் மிகப் பெரும்பாலோர் இந்தியரே. ஆதலின் விடுதலைப் போரை நினைவுகூரும்போது, சிறை புகுந்த தலைவர்களோடு, அரசின் ஊதியத்தைப் பெற்றுவந்தும் ஒரு நாள் “மாட்டோம்” என்று மறுத்தவர்களையும் நினைத்தல் தகும். மாதச் சம்பளத்தை நம்பி ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர்க்கு அவர்தம் வரலாறு மிக நெருங்கியது.

வேலூர்

1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புதுவகைத் தலைப்பாகையே அணிதல் வேண்டும் என்ற ஆணைகள் அவர்தம் உள்ளத்தைப் புண்படுத்தியிருந்தன. திப்பு சுல்தானின் மக்கள் அக்கோட்டையில் காவலில் இருந்தமையும் கனலுக்குக் காற்றாயிற்று. அன்றே ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் விரைந்து வந்து எழுச்சியை அடக்கினார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர்.

உறக்கத்தில் இருந்த வெள்ளையரைக் கொன்றதை நாம் புகழ வேண்டுவதில்லை. எனினும் ஓர் உண்மையை நோக்குதல் வேண்டும். கும்பினியார் அளித்த சம்பளம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்ததன்று. உழவன் கட்டிய நிலவரியே சிப்பாயின் சம்பளமாயிற்று. தந்தை செலுத்திய கிஸ்தியை மகன் கையில் கூலியாகத் திருப்பித் தந்துவிட்டு, “எம் உப்பைத் தின்றவன் நீ” என்றுரைத்தது அவ்வாட்சி.

பெஷாவர்

1930ஆம் ஆண்டு அவ்வுப்புக்கே போராட்டம் எழுந்தது. ஏப்ரல் 6ஆம் நாள் காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்தார். இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கி நடந்துகொண்டிருந்த நாள்களில், வடமேற்கு எல்லையில் மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது. கான் அப்துல் கபார்கான் கைதானதையொட்டி, ஏப்ரல் 23ஆம் நாள் பெஷாவர்க் கடைத்தெருவில் மக்கள் திரண்டனர். கவச வண்டிகள் ஏவப்பட்டன; குண்டுகளுக்குப் பலர் இரையாயினர். அங்கு நிறுத்தப்பட்ட கட்வால் படையினரோ, படைக்கலமற்ற மக்களைச் சுட மறுத்தனர். சுடப் பணிக்கப்பட்டோர் இந்துக்கள்; எதிரே நின்றோர் முஸ்லிம்கள். பிரித்தாள நினைத்த கணக்கு அன்று பொய்த்தது. முன்னின்ற ஹவில்தார் சந்திரசிங் கட்வாலிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்தம் தோழர்களும் நெடுஞ்சிறை எய்தினர்.

பம்பாய்

இவற்றின் முதிர்ச்சியாக அமைந்தது 1946ஆம் ஆண்டுக் கடற்படை எழுச்சி. பிப்ரவரி 18ஆம் நாள், பம்பாய்க் கொலாபாவில் ‘தல்வார்’ என்னும் பயிற்சி நிலையத்து மாலுமிகள் உணவு கொள்ள மறுத்தனர். கெட்ட உணவும், அதிகாரியின் இழிசொற்களும், வெள்ளை மாலுமிக்கு ஒரு சம்பளம், இந்திய மாலுமிக்கு வேறொரு சம்பளம் என்ற வேற்றுமையும் அவர்களை அந்நிலைக்குத் தள்ளின. ஆயினும் கோரிக்கைகள் சோற்றோடு நிற்கவில்லை. இந்திய தேசிய இராணுவக் கைதிகளை விடுவிக்க வேண்டும்; இந்தோனேசிய மக்களை அடக்க இந்தியப் படைகளை ஏவலாகாது என்றும் கேட்டனர். சில நாள்களில் எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களில், ஏறத்தாழ 20,000 மாலுமிகளிடையே வேலைநிறுத்தம் பரவிற்று. எம். எஸ். கான் தலைவர், மதன்சிங் துணைத் தலைவர். பாய்மரங்களில் காங்கிரஸ் கொடியும் முஸ்லிம் லீக் கொடியும் செங்கொடியும் அருகருகே பறந்தன. பிரிவினைக்கு ஒன்றரை ஆண்டே இருந்த வேளையில் இக்காட்சி!

மாலுமிகளுக்கு உணவு செல்லாது தடுக்கப்பட்டபோது, நகர மக்கள் ‘இந்தியாவின் நுழைவாயில்’ அருகே உணவுப் பொருள்களுடன் வந்து நின்றனர். உப்பிட்டவர் யார் என்னும் வினாவுக்கு விடை அங்கே கிடைத்தது. அம்மக்கள் அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. 22ஆம் நாள் தொடங்கிய கடையடைப்பில் துப்பாக்கிச் சூட்டுக்கு இருநூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். சர்தார் படேலின் அறிவுரைப்படி 23ஆம் நாள் மாலுமிகள் பணிந்தனர். ஆங்கிலேயருக்கன்று, இந்திய மக்களுக்கே பணிகின்றோம் என்று அறிவித்துவிட்டுப் பணிந்தனர்.

காந்தியடிகளின் மறுப்பு

இவ்வெழுச்சியைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. மனம் ஒவ்வாதவர் பணியைத் துறந்திருக்கலாமே என்பது அவர் கருத்து. பெஷாவர் வீரர்களைப் பற்றியும், கட்டளையை மீறும் படை நாளை விடுதலை பெற்ற அரசின் கட்டளையையும் மீறக்கூடும் என்று ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளரிடம் அவர் அஞ்சியுரைத்தார். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. கோப்புகளோடு வாழும் நாம் ஒழுங்கின் அருமையை அறிவோம். ஆயினும் பணி துறப்பவன் தன் கையை மட்டுமே விலக்கிக்கொள்கின்றான். அவனிடத்தில் மற்றொருவன் வந்து சுடுவான். கட்வால் வீரர்கள் நின்ற இடத்திலேயே நின்று மறுத்தமையால்தான் அவர்தம் துப்பாக்கிகள் அன்று ஓய்ந்திருந்தன. மேலும், மக்கள் தேர்ந்தெடுக்காத ஆட்சிக்கும், அவர்களே தேர்ந்தெடுத்து, வேண்டாதபோது மாற்றவல்ல ஆட்சிக்கும் வேறுபாடு உண்டு. முன்னதற்குச் செய்த மறுப்பைப் பின்னதற்கு முன்மாதிரியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

பணிநீக்கம் பெற்ற மாலுமிகளை விடுதலைக்குப் பின் இந்தியாவும் மீண்டும் கடற்படையில் சேர்க்கவில்லை, பாகிஸ்தானும் சேர்க்கவில்லை. பிற்காலத்தில் விடுதலை வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தில் கடற்படை எழுச்சியும் இடம்பெற்றது. அதற்குள் இளமை கழிந்து, பலருக்கு வாழ்வும் முடிந்திருந்தது. சம்பளத்தை நம்பிய குடும்பத்தில் சம்பளம் நின்றால் என்னவாகும் என்பது நமக்குத் தெரியாததன்று. அதனைத் தெரிந்தே அவர்கள் மறுத்தார்கள்.

இன்று நமக்கு ஊதியம் அளிப்போர் யார் என்பதில் ஐயமில்லை. மனுவைக் கையிலேந்தி நம் மேசை முன் நிற்கும் எளிய மனிதரே நமக்கு உப்பிட்டவர். அவரை இருக்கச் சொல்லி, அவர் குறையைக் கேட்டு, அன்றே ஆவன செய்வது நாம் ஆற்றக்கூடிய செஞ்சோற்றுக் கடன். பெயர் மறைந்த அச்சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் நாம் செலுத்தும் நன்றியும் அதுவே.