மாதிரி ரயில் நிலக்காட்சிகளில் குறுமரங்கள்

மாதிரி ரயில் அமைப்பில் இடம்பெறும் குறுமரம் என்பது, மரமொன்றின் உருவத்தை அங்கு ஓடும் வண்டிகளின் அளவு விகிதத்துக்கே சுருக்கிச் செய்யப்படும் கைவேலைப் பொருளாகும். 1891இல் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் சீரான தண்டவாள அகலங்களை வகுத்து விளையாட்டு ரயில்களை விற்கத் தொடங்கியபோது, வண்டிக்குக் கிடைத்த கவனம் அது கடந்துசெல்லும் நிலத்துக்குக் கிடைக்கவில்லை. மேசைமேல் அடங்கும் சிறிய வண்டிகள் வெளிவந்த பின்னரே, குன்றும் ஊரும் தோப்பும் ஒரே பலகையில் அமைய இடமுண்டாயிற்று.

ஊசியிலை மரங்களை, இரு கம்பிகளுக்கிடையே நார்களை வைத்து முறுக்கி, புட்டி கழுவும் பிரஷ்ஷைப் போலச் செய்தனர். அகன்ற இலை மரங்களுக்குச் சாயமேற்றிய மரத்தூளும் லைக்கனும் பயன்பட்டன. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிரி. தமிழர் சமையலில் மணத்துக்குச் சேரும் கற்பாசியும் இவ்வகையினதே. கிளிசரினில் ஊறிய லைக்கன் நொறுங்காமல் நெடுநாள் இருக்குமெனினும், அடர்ந்த பச்சை உருண்டையாகத் தோன்றுமேயன்றிக் கிளையும் இடைவெளியும் கொண்ட மரமாகத் தோன்றாது.

இங்கிலாந்தின் லாங் விட்டன்ஹாம் ஊரில் ராய் இங்லண்ட் 1954இல் நிறுவிய பெண்டன் அருங்காட்சியகம், 1:76 விகிதத்தில் நாட்டுப்புறத்தையே கருப்பொருளாக்கியதால், மரமும் வேலியும் வீட்டுக்கும் வண்டிக்கும் நிகரான மதிப்பைப் பெற்றன. அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய உட்லேண்ட் சீனிக்ஸ் நிறுவனம், பஞ்சுநுரையை அரைத்துச் சாயமேற்றிய நுரைத்தூளைப் பரவலாக்க, தழையின் நிறமும் சொரசொரப்பும் எளிதில் கைவந்தன.

தேர்ந்த கைவினைஞர் மரத்தைக் கிளையிலிருந்தே தொடங்குவர். மெல்லிய கம்பிகளை ஒரு கற்றையாகச் சேர்த்து அடிப்பகுதியை முறுக்கினால் தண்டும், மேலே இரண்டிரண்டாகப் பிரித்து முறுக்கிக்கொண்டே போனால் கொப்பும் குச்சியும் உருவாகும். பசை கலந்த சாந்தைப் பூசி, அது காய்வதற்குள் ஊசியால் கீறினால் பட்டையின் வெடிப்புகள் அமையும். பிறகு நாரை உள்ளங்கையளவு எடுத்து, ஊடே வெளிச்சம் தெரியுமளவுக்குப் பிய்த்துக் கிளைகளில் படரவிட்டு நுரைத்தூளைத் தூவுவர். மரம் மரமாகத் தெரிவது இலையால் மட்டுமன்று, இலைகளுக்கிடையே தெரியும் வானத்தாலும்தான்.

உயரத்திலோ பலரும் தவறுகின்றனர். 20 மீட்டர் ஓக் மரம் 1:87 விகிதத்தில் 23 சென்டிமீட்டர் நிற்கவேண்டும். கடைமரங்களில் பல அதில் பாதியளவே உள்ளன. அவ்வுயரக் குறைவு பின்வரிசையில் குறையாகாது: முன்னே முழு உயர மரத்தையும் பின்னே படிப்படியாகக் குட்டையானவற்றையும் நட்டால், இரண்டடி ஆழமுள்ள பலகை நெடுந்தொலைவாகக் கண்ணுக்கு விரியும்.